சம்மதப் பத்திரம்

கோட்டை பார்க்கப் போகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஒரு வகையினர் சுவரைத் தட்டிப் பார்த்து, "எவ்வளவு கனம்! அந்தக் காலத்து வேலை அல்லவா!" என்று தலையை ஆட்டுவார்கள்; போட்டோ எடுத்துக்கொண்டு கீழே இறங்கிவிடுவார்கள். இன்னொரு வகையினர், "இந்தச் சுவருக்குள்ளே யார் சமைத்தார்கள், யார் தண்ணீர் சுமந்தார்கள், யார் ராத்திரியில் அழுதார்கள்?" என்று யோசித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே நிற்பார்கள். கூட வந்தவர்கள் வண்டியில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிக்கிற வரையில் நகரமாட்டார்கள். கதை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாவது வகை. இது என் கணவருக்கு நன்றாகத் தெரியும். ஆகையால் கோட்டை என்றால் அவர் கையோடு ஒரு செய்திப் பத்திரிகையும் கொண்டுவந்துவிடுவார்.

போன ஜனவரியில் மூன்றாவது வகையினரையும் பார்த்தேன். அவர்கள் கோட்டையில் ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. இடுப்பில் வாரைக் கட்டிக்கொண்டு, ஒரு கொத்தளத்திலிருந்து எதிர்ப் பாறைக்கு எஃகுக் கம்பியில் தொங்கியபடி பறந்து போகிறார்கள். இதற்கு 'ஜிப் லைன்' என்று பெயர். ஆஸ்திரேலியாவில் இதையே 'பிளையிங் பாக்ஸ்', அதாவது 'பறக்கும் நரி' என்கிறார்கள். இங்கிலீஷில் பறக்கும் நரி என்றால் பழந்தின்னி வௌவால். நம் ஊர் ஆலமரத்தில் தலைகீழாகத் தொங்குகிற அதே ஆசாமிதான். கம்பியில் தொங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்த பிற்பாடுதான் இந்தப் பெயரை வைத்திருக்க வேண்டும்.

நான் சொல்லும் கோட்டை ராஜஸ்தானத்தில், ஜோத்பூரில் இருக்கிறது. மெஹ்ரான்கர் என்று பெயர். சூரியனின் கோட்டை என்று பொருள் சொல்கிறார்கள். ராவ் ஜோதா என்ற ராத்தோர் அரசன் 1459-இல் கட்டத் தொடங்கியது. பழைய தலைநகரான மண்டோரில் பத்திரம் போதாது என்று தோன்றியதால், சில மைல் தெற்கே, சமவெளியிலிருந்து திடீரென்று எழும்பி நிற்கும் ஒரு பாறை மலையைத் தேர்ந்தெடுத்தான். நகரத்துக்கு மேலே நானூறு அடி உயரத்தில் நிற்கிறது கோட்டை. மதில் சில இடங்களில் நூற்றிருபது அடி உயரம். கனம் எழுபது அடி வரைக்கும் போகிறது. எங்கே மலை முடிகிறது, எங்கே சுவர் தொடங்குகிறது என்று கீழேயிருந்து பார்த்தால் கண்டுபிடிக்க முடியாது. பாறையே ஒரு நாள் எழுந்து நின்று ஜன்னல் வைத்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

அந்த ஊரில் என் அண்ணா மகள் சட்டம் படிக்கிறாள். கடைசி வருஷம் ஆரம்பிக்க இன்னும் ஆறு மாதம் இருந்தது. எனக்கும் என் கணவருக்கும் ஒரு வாரம் ஓய்வு கிடைத்தது. குழந்தையையும் பார்த்த மாதிரி இருக்கும், ஊரையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று புறப்பட்டோம். புறப்படுகிற அன்று அண்ணா ரயிலடிக்கு வந்தார். கையில் ஒரு முறுக்கு டப்பா, ஒரு பையனின் போட்டோ. முறுக்கு பெண்ணுக்கு. போட்டோவும் அவளுக்குத்தான்.

"நல்ல இடம். பையன் ஹைதராபாத்தில் இருக்கிறான். வருகிற ஆவணியிலேயே முடித்துவிடலாம் என்கிறார்கள். படிப்பை அப்புறம் முடித்துக்கொள்ளலாமாம். நான் சொன்னால் சண்டைக்கு வருகிறாள். உன்னிடம் அவளுக்குப் பிரியம். பக்குவமாக எடுத்துச் சொல்லி, அவள் சம்மதத்தை வாங்கிக்கொண்டு வா" என்றார்.

ரயில் நகரத் தொடங்கியபோது, "வாங்கிக்கொண்டு வா" என்று இன்னொரு தரம் சொன்னார். முறுக்கு டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சம்மதத்தை வாங்கிக்கொண்டு வருவது, என்னவோ கடைக்குப் போய்ச் சாமான் வாங்கி வருகிற காரியம் மாதிரி சுலபமாகத்தான் தோன்றியது.

காலை ஒன்பது மணிக்குக் கோட்டை திறந்தவுடனே போய்விட்டோம். முதலில் கோட்டை, பதினொரு மணிக்குக் கம்பி, ஒரு மணிக்குச் சாப்பாடு என்று எங்கள் பெண் திட்டம் போட்டு வைத்திருந்தாள். கம்பி விஷயத்தைக் கேட்டதும் என் கணவர், "எனக்கு முதுகுவலி. நீங்கள் இரண்டு பேரும் பறந்து வாருங்கள். நான் பைகளைப் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். இருபத்திரண்டு வருஷ தாம்பத்தியத்தில் அவர் பையைப் பார்த்துக்கொள்ள, நான் புறப்பட்டுப் போனது அதுதான் முதல் தடவை.

கோட்டைக்கு ஏழு வாயில்கள் உண்டு. வாயிலை அங்கே 'போல்' என்கிறார்கள். முதலில் நுழைவது ஜய் போல். மகாராஜா மான்சிங், ஜெய்ப்பூர், பிக்கானேர் படைகளை வென்ற ஞாபகமாகக் கட்டியது. கொஞ்சம் மேலே ஏறினால் இன்னொரு வாயில். அதன் சுவரில் பீரங்கிக் குண்டுகள் பட்ட வடுக்கள் இன்னும் இருக்கின்றன. அம்மை வடு மாதிரி வட்ட வட்டமாக.

"இது எந்தச் சண்டையில் பட்டது தெரியுமா, அத்தை?" என்று கேட்டாள் பெண்.

"சொல்லேன்."

"ஒரு கல்யாணச் சண்டை."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. போட்டோ என் கைப்பையில் இருந்தது.

அவள் சொன்ன சரித்திரம் இதுதான். உதயப்பூர் ராணாவுக்கு கிருஷ்ணகுமாரி என்று ஒரு பெண். குழந்தையாக இருந்தபோதே அவளை ஜோத்பூர் மகாராஜா பீம்சிங்குக்கு நிச்சயம் செய்தார்கள். 1803-இல் பீம்சிங் இறந்துபோனான். பிறகு ஜெய்ப்பூர் மகாராஜா ஜகத்சிங்குக்குக் கொடுப்பதாகப் பேச்சு நடந்தது. பீம்சிங்குக்குப் பின் பட்டத்துக்கு வந்த மான்சிங் இதைக் கேட்டுக் கொதித்தெழுந்தான். "பெண்ணை நிச்சயம் செய்தது ஜோத்பூர் சிம்மாசனத்துக்கு. சிம்மாசனத்தில் இப்போது நான் இருக்கிறேன். ஆகவே பெண் எனக்கு" என்பது அவனுடைய வாதம். வாதம் சண்டையாயிற்று. 1807-இல் போர்க்களத்தில் தோற்ற மான்சிங் இந்தக் கோட்டைக்குள் வந்து புகுந்துகொண்டான். ஜெய்ப்பூர்ப் படை வந்து சூழ்ந்துகொண்டது. மாதக் கணக்கில் முற்றுகை. கோட்டையைப் பிடிக்க முடியாமல் கடைசியில் திரும்பிப் போனார்கள். மான்சிங் வாசல் கட்டிக்கொண்டான்.

"அந்தப் பெண் என்ன ஆனாள்?" என்றேன்.

"அவள் உயிரோடு இருக்கிற வரையில் இந்தச் சண்டை ஓயாது என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். 1810-இல் அவளுடைய வீட்டிலேயே விஷம் கொடுத்துவிட்டார்கள். பதினாறு வயது."

இரண்டு ராஜ்யங்கள் அடித்துக்கொண்டன. பீரங்கிகள் வந்தன. தூதர்கள் போனார்கள், வந்தார்கள். பிண்டாரித் தலைவன் அமீர்கான் இரண்டு பக்கமும் விலைபேசினான். இவ்வளவு பேரில், "குழந்தாய், உனக்கு யாரைப் பிடித்திருக்கிறது?" என்று கிருஷ்ணகுமாரியைக் கேட்டதாக ஒரு சரித்திரத்திலும் இல்லை. குண்டு பட்ட சுவருக்குக் கண்ணாடிச் சட்டம் போடாததுதான் பாக்கி. மற்றபடி ஊரார் எல்லோரும் வந்து பார்க்கிறார்கள். அந்தப் பெண்ணுக்கு இந்தக் கோட்டையில் ஒரு கல்கூடக் கிடையாது. அவள் இங்கே வந்ததேயில்லை.

கல் கிடைத்தவர் ஒருவர் இருக்கிறார். இந்த மலையில் முதலில் குடியிருந்தவர் சீரியாநாத்ஜி என்ற சந்நியாசி. கோட்டை கட்டுவதற்காக அவரைக் கிளப்பிவிட்டார்களாம். அவர் அடுப்பு நெருப்பைத் துணியில் மூட்டையாகக் கட்டிக்கொண்டு, "இந்த இடத்தில் தண்ணீர் இல்லாமல் போகட்டும்" என்று சபித்துவிட்டுப் போனார் என்பது ஐதிகம். சாபத்துக்குப் பரிகாரமாக ஒரு மனிதனை அஸ்திவாரத்தில் உயிரோடு புதைக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். மேக்வால் ஜாதியைச் சேர்ந்த ராஜாராம் என்பவர் முன்வந்தாராம். அவருடைய சந்ததியை எந்நாளும் காப்பாற்றுவதாக அரசன் வாக்களித்து நிலமும் கொடுத்தானாம். அவர் பெயரைச் சொல்லும் கல் கோட்டைக்குள் இருக்கிறது.

"மனமொப்பித்தான் போனார் என்று சொல்கிறார்கள்" என்றேன்.

"இருக்கலாம், அத்தை. ஆனால் அரசன் கேட்கிறான். கேட்கப்படுகிறவர் ஊருக்கு வெளியே குடியிருக்கிற ஜாதி. அவர் 'மாட்டேன்' என்று சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அதற்குப் பதில் தெரியாத வரையில் அதை எப்படிச் சம்மதம் என்று சொல்வது?"

பிறகு அவள் வக்கீலாகிவிட்டாள். 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் பதினான்காவது பிரிவு என்று ஒன்று இருக்கிறதாம். சம்மதம் என்றால் போதாது, அது சுதந்திரமான சம்மதமாக இருக்க வேண்டும் என்கிறதாம் அந்தப் பிரிவு. பலவந்தம் கூடாது; தகாத செல்வாக்குக் கூடாது; மோசடி கூடாது; உள்ளதைத் திரித்துச் சொல்லக் கூடாது; தவறான எண்ணத்தில் கொடுத்ததாகவும் இருக்கக் கூடாது. தகாத செல்வாக்கு என்றால் என்ன என்பதற்குப் பதினாறாவது பிரிவு. ஒருவருடைய மனத்தை ஆட்டிவைக்கக்கூடிய நிலையில் இன்னொருவர் இருந்துகொண்டு, அந்த நிலையை உபயோகித்துக் காரியம் சாதித்துக்கொள்வது.

நான் பேசாமல் படி ஏறினேன். கைப்பை கொஞ்சம் கனத்த மாதிரி இருந்தது.

லோஹா போல், இரும்பு வாயில். அதற்கு முன்னால் பாதை வெடுக்கென்று திரும்புகிறது. யானைகள் வேகமாக ஓடிவந்து முட்டாமல் இருப்பதற்காக அப்படி. அதையும் மீறி முட்ட வந்தால் கதவில் முள் இருக்கிறது. யானையைப் பற்றி இவ்வளவு யோசித்தவர்கள் என்று வியந்துகொண்டே திரும்பினேன். வாயில் ஓரத்துச் சுவரில் வரிசை வரிசையாகக் கைகள்.

சின்னச் சின்னக் கைகள். கல்லில் புடைப்பாக எழுப்பி, குங்குமமும் ஜரிகைத் தாளும் ஒட்டி வைத்திருக்கிறார்கள். கணவனான அரசன் இறந்தபின் அவனோடு உடன்கட்டை ஏறப் புறப்பட்ட ராணிகள், கோட்டையை விட்டுக் கடைசியாக வெளியே போகும்போது வைத்துவிட்டுப் போன அடையாளங்கள். இங்கே கடைசியாக நடந்தது 1843-இல். அதே மான்சிங் இறந்தபோதுதான். 1829-லேயே வங்காள மாகாணத்தில் பெண்டிங்க் பிரபு உடன்கட்டையைத் தடுத்துச் சட்டம் போட்டுவிட்டார். ஆனால் அந்தச் சட்டம் சுதேச சமஸ்தானத்து வாயிலுக்கு வெளியே நின்றுவிட்டது.

என் உள்ளங்கையைச் சுவருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தேன். தொடவில்லை. என் கையைவிடச் சிறிய கைகள். வளையல் எண் இரண்டே கால் இருக்கும். அந்தப் பெண்கள் அப்படிப் போகச் சம்மதித்தார்கள் என்றுதான் பாட்டு, கதை எல்லாம். ஒரு வயதான அம்மாள் வந்து, அந்தக் கைகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள்.

"பழைய கதை என்று நினைக்காதீர்கள், அத்தை. இதே ராஜஸ்தானத்தில், தேவ்ராலா என்கிற கிராமத்தில் 1987-இல் நடந்தது. பதினெட்டு வயதுப் பெண். அதற்கப்புறம்தான் பார்லிமெண்டில் தனிச் சட்டம் போட்டார்கள். அந்தப் பெண் தானாக ஏறினாளா, ஏற்றினார்களா என்பதுதான் அன்றைக்கு ஊரெல்லாம் சண்டை" என்றாள் பெண். 1987-இல் நான் பாவாடை கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற சிறுமி. அவ்வளவு பக்கத்தில் இருக்கிற வருஷம் அது.

உள்ளே அரண்மனைகள். ராஜ குடும்பத்தார் 1972-இல் ஒரு டிரஸ்ட் ஏற்படுத்தி, அதன் பொறுப்பில் மியூசியம் நடக்கிறது. யானை அம்பாரிகள், பல்லக்குகள், வாள்கள், தங்க முலாம் பூசிய விதானங்கள். எல்லாவற்றையும் சொல்லப்போனால் கம்பிக்கு நேரமாகிவிடும். ஒன்றே ஒன்றை மட்டும் சொல்கிறேன். சூர்சிங் என்ற அரசன் கட்டிய மோத்தி மஹால் ஒரு பெரிய கொலுமண்டபம். சிப்பியை அரைத்துச் சுண்ணாம்போடு கலந்து பூசிய சுவர்கள் இன்னமும் பளபளக்கின்றன. அந்தச் சுவரில் ஐந்து மாடங்கள். மாடங்களுக்குப் பின்னால் மறைவான இடங்கள் உண்டு. ராஜாவின் ஐந்து ராணிகள் அங்கே உட்கார்ந்து தர்பாரில் நடப்பதைக் கேட்பார்களாம். கேட்கலாம். பேசக் கூடாது. அந்தப்புரத்து ஜன்னல்களெல்லாம் கல்லாலான ஜாலி. லேஸ் துணி மாதிரி அத்தனை நுணுக்கமான வேலை. அதற்குள்ளிருந்து நானும் வெளியே பார்த்தேன். கீழே நீல நீலமாக வீடுகள். ஒரு துவாரத்துக்கு ஒரு வீடுதான் தெரிகிறது.

பதினொரு மணிக்குக் கோட்டைக்குப் பின்புறம், சோக்கேலாவ் தோட்டத்துப் பக்கமாக வந்து சேர்ந்தோம். கம்பி விளையாட்டுக்காரர்கள் ஒரு காகிதத்தை நீட்டினார்கள். பெயர், வயது, எடை, நோய்நொடி உண்டா, இருதயக் கோளாறு உண்டா. அடியில், "இதிலுள்ள ஆபத்துக்களை எனக்கு எடுத்துச் சொன்னார்கள்; தெரிந்துகொண்டு என் சுய விருப்பத்தின் பேரில் கலந்துகொள்கிறேன்" என்று ஒரு வாக்கியம். கையெழுத்துக்கு ஒரு கோடு.

அசட்டுக் காகிதம்தான். நாளைக்கு ஏதாவது நேர்ந்தால் தங்கள்மேல் பழி வராமல் இருப்பதற்காக எழுதி வாங்கிக்கொள்கிறார்கள் என்பது யாருக்குத் தெரியாது? ஆனாலும் பேனாவைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றேன். அந்த மலைமேல் ஐந்நூற்றறுபது வருஷங்களில், கால் வைத்த பெண்களில் எத்தனை பேரிடம், "இது ஆபத்து, உனக்கு இஷ்டமா?" என்று கேட்டிருப்பார்கள்? வயது நாற்பத்தாறு என்று எழுதினேன். எடையையும் உள்ளபடியே எழுதினேன். எழுதும்போது என் கணவர் எட்டிப் பார்க்கவில்லை, நல்ல மனிதர்.

சொல்லிக்கொடுத்த இளைஞன் உள்ளூர்க்காரன். இடுப்பையும் இரண்டு தொடைகளையும் சுற்றி வாரைப் பூட்டினான். தலையில் ஹெல்மெட். ஒவ்வொரு கொக்கியையும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். பிறகு இன்னொருவன் வந்து, முதல்வன் பார்த்ததையெல்லாம் தானும் ஒரு தரம் இழுத்துப் பார்த்தான். அதற்கப்புறம் கையில் தடித்த தோல் உறை ஒன்றை மாட்டினார்கள். அதுதான் பிரேக்!

சூத்திரம் ரொம்ப எளிது. கம்பி இந்தப் பக்கம் உயரமாகவும் அந்தப் பக்கம் தாழ்வாகவும் கட்டியிருக்கிறது. அதன்மேல் கப்பி உருளுகிறது. கப்பியில் நாம் தொங்குகிறோம். மிச்சத்தைப் பூமி பார்த்துக்கொள்கிறது. அக்கரையில் நிற்பவன் சைகை காட்டியதும், உறை போட்ட கையால் கம்பியைக் கப்பிக்குப் பின்பக்கத்தில் அழுத்த வேண்டும். முன்பக்கத்தில் வைத்தால் விரல் போய்விடும். சீக்கிரமே அழுத்திவிட்டால் நட்டாற்றில் நின்றுவிடுவோம். "உங்கள் பிரேக்கை நீங்கள்தான் போட வேண்டும். நாங்கள் சைகைதான் காட்டுவோம்" என்று இரண்டு தரம் சொன்னான்.

இந்த வித்தை ஒன்றும் புதிதல்ல. இமயமலைப் பிரதேசத்தில் பாலமில்லாத ஆறுகளைக் கயிற்றில் தொங்கிக் கடந்து சந்தைக்குப் போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது விளையாட்டு அல்ல. 1970-களில் டொனால்ட் பெர்ரி என்ற உயிரியல் ஆராய்ச்சியாளர், கோஸ்ட்டா ரிக்கா காட்டில் மரங்களின் உச்சியில் வாழும் ஜீவராசிகளைப் பார்ப்பதற்காகக் கயிறுகளும் கப்பிகளும் கட்டிக்கொண்டு ஏறினார். அதற்கப்புறம் உல்லாசப் பிரயாணிகள் விடுவார்களா?

எங்கள் கோஷ்டியில் ஒல்லியான வாலிபன் ஒருவன் இருந்தான். அகமதாபாத் பக்கம். "இது என்ன பிரமாதம்! நான் நேபாளத்திலே பார்க்காததா!" என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். முதலில் அவனைத்தான் அனுப்பினார்கள். பாதி தூரம் போனவன், பயத்தில் கம்பியை அழுத்திவிட்டான் போலிருக்கிறது. பள்ளத்துக்கு நடுவே அப்படியே நின்றுவிட்டான், கொடியில் உலர்த்திய துண்டு மாதிரி. பிறகு அக்கரைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டு, கை மாற்றிக் கை மாற்றிக் கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டே போய்ச் சேர்ந்தான். எடை குறைந்தவர்களுக்குத்தான் இப்படி நேருமாம். கனமானவர்கள் வேகமாகப் போய்ச் சேர்ந்துவிடுவார்களாம். "உங்களுக்கு அந்தக் கவலை இல்லை, அம்மா" என்று அந்த இளைஞன் மரியாதையாகச் சொன்னான். வாழ்க்கையில் முதல் தடவையாக என் எடைக்கு ஒரு கௌரவம் கிடைத்தது.

எனக்கு முன்னால் எங்கள் பெண். மேடை விளிம்பில் போய் நின்றாள். கீழே பார்த்தாள். முகம் வெளுத்துவிட்டது. வார் பட்டையைப் பிடித்திருந்த விரல்கள் நடுங்குவதைப் பார்த்தேன்.

"இறங்கிவிடுகிறாயா, அம்மா? ஒன்றும் அவமானம் இல்லை" என்றேன்.

"இருங்கள், அத்தை" என்றாள். அவ்வளவுதான். இரண்டு மூச்சு விட்டாள். அந்த இளைஞன் அவளைத் தள்ளவுமில்லை, அவசரப்படுத்தவுமில்லை. காலை மடக்கிக்கொண்டு அவளே போனாள்.

பிறகு நான். என்ன சொல்வது? கால் தரையைவிட்டுப் போன முதல் நிமிஷத்தில் வயிறு தொண்டைக்கு வந்துவிட்டது. 'முருகா' என்று கத்தினேன் என்று பின்னால் சொன்னார்கள். அப்புறம் காற்று. கப்பி பாடுகிற ஒரு கீச்சுக் குரல். வலது பக்கம் அந்தப் பெரிய மதில். எந்தப் படையும் ஏறக் கூடாது என்று எத்தனையோ அரசர்கள் உயர்த்திக் கட்டிய மதில் என் தோளுக்குப் பக்கத்தில் ஓடிற்று. கீழே ராணிசர் ஏரி, பச்சைத் தண்ணீர்.

அந்த ஏரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சந்நியாசியின் சாபம் என்றேனே, தண்ணீர் இல்லாமல் போகட்டும் என்று. அரசன் அதற்கு மனிதனைப் புதைத்தான். அவனுடைய ராணி ஜஸ்மாதே ஹாடி என்ன செய்தாள் தெரியுமா? ஏரி வெட்டினாள். கோட்டை கட்டத் தொடங்கிய அதே காலத்தில் அவள் வெட்டுவித்ததுதான் ராணிசர். சுவரில் கை பதித்த ராணிகளின் பெயரைக் கேட்டால் பலருக்குத் தெரியாது. இந்த ராணியின் பெயர் தண்ணீரில் நிற்கிறது.

அக்கரையில் சைகை காட்டினார்கள். கையைப் பின்னால் கொண்டுபோய் அழுத்தினேன். தோலுறைக்குள் உள்ளங்கை சூடேறியது. வேகம் குறைந்து, பாறையில் கால் ஊன்றி நின்றேன். அப்போதுதான் சுவரிலிருந்த அந்தச் சின்னக் கைகள் ஞாபகத்துக்கு வந்தன. உறையைக் கழற்றி என் கையை ஒரு தரம் பார்த்துக்கொண்டேன்.

மொத்தம் ஆறு கம்பிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குப் பாறைகளின்மேல் நடக்க வேண்டும். நடக்கும்போது அந்த இளைஞன் இன்னொரு விஷயம் சொன்னான். கோட்டையைச் சுற்றியுள்ள எழுபது ஹெக்டேர் பாறை நிலம் ஒரு காலத்தில் முழுவதும் 'பாவ்லியா' மண்டிக் கிடந்ததாம். கிட்டப் போய்ப் பார்த்தால் நம்முடைய சீமைக் கருவேலம்! ராமநாதபுரத்தில் பார்த்த அதே முள், அதே மஞ்சள் பூ. 1930-களில் மகாராஜா விமானத்திலிருந்து விதை தூவச் செய்தார் என்று சொல்கிறார்கள். வெட்டினால் மறுபடி துளிர்க்கும். பாறைக்குள் போன வேரை எடுக்க வழியில்லை. 2006-இல் இங்கே பாலைவனத் தாவரப் பூங்கா அமைக்க வந்த பிரதீப் கிருஷண் என்ற இயற்கை ஆர்வலர், கல் உடைக்கும் கந்த்வாலியா ஜனங்களை அழைத்து வந்தார். அவர்கள் சுத்தியலால் பாறையைத் தட்டி, சத்தத்தைக் கேட்டே எங்கே பிளக்கும் என்று சொல்லிவிடுவார்களாம். அப்படி உளி பிடித்து, ஒவ்வொரு வேராகத் தோண்டி எடுத்தார்கள். இப்போது அந்தக் குழிகளில் இந்த மண்ணுக்கே உரிய செடிகள் நிற்கின்றன. ஆகாயத்திலிருந்து தூவுவதற்கு ஒரு நாள் போதும். எடுப்பதற்கு உட்கார்ந்து, தட்டி, காது கொடுத்துக் கேட்க வேண்டியிருக்கிறது.

கடைசிக் கம்பியும் முடிந்து வார்களைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். பெண்ணின் முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது. நான் கைப்பையைத் திறந்து போட்டோவை எடுத்து அவள் மடியில் வைத்தேன்.

"அப்பா கொடுத்தாரா?" என்றாள்.

"ஆமாம். முழுவதையும் சொல்லிவிடுகிறேன், கேள். பையனுக்கு நல்ல வேலை, நல்ல குடும்பம். உன் அப்பாவுக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது. அவர் சீக்கிரம் முடிக்க நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஆவணியில் கல்யாணம் என்றால் படிப்பு நிற்கும். அப்புறம் முடித்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அப்புறம் என்பது எந்த வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. உனக்கு இஷ்டமா?"

அவள் போட்டோவை நன்றாகத்தான் பார்த்தாள். சிரிக்கவுமில்லை, கோபித்துக்கொள்ளவுமில்லை. தலைக்கு மேலே பருந்துகள் வட்டமிட்டன.

"இப்போது வேண்டாம், அத்தை. பரீட்சை முடியட்டும். இவரையே பார்க்க வேண்டும் என்றாலும் அப்போது பார்க்கிறேன். இல்லை, வேறு யார் என்றாலும் அப்போது. இப்போது இல்லை" என்றாள்.

"சரி" என்றேன். போட்டோவைப் பைக்குள் வைத்தேன்.

கீழே என் கணவர் மூன்று பைகளுக்கு நடுவே பத்திரிகையை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார். முறுக்கு டப்பா பாதி காலி.

ராத்திரி அண்ணாவுக்குப் போன் செய்தேன்.

"என்னம்மா, சம்மதித்தாளா?"

"இல்லை, அண்ணா. இப்போது வேண்டாம் என்கிறாள்."

"நீ எடுத்துச் சொல்லவில்லையா?"

"எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம் கேட்டேன். பதில் சொன்னாள்."

"என்ன பேச்சு இது? பீஸ் கட்டுகிறவன் நான் அல்லவா?"

"அதற்குத்தான் சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறதாம், அண்ணா. பதினாறு."

அண்ணா சிரிக்கவில்லை. வெகு நேரம் பேச்சில்லை. இணைப்புப் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு குரல் வந்தது.

"கோட்டைக்கு மேலே கம்பியில் தொங்கினீர்களாமே? மாப்பிள்ளை சொன்னார். அவளுமா?"

"எனக்கு முன்னாலேயே போனாள்."

"பயப்படவில்லையா?"

"ரொம்பப் பயந்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்புறம் தானே போனாள்."

மறுபடியும் மௌனம்.

"அந்த வாரையெல்லாம் நன்றாக இறுக்கிக் கட்டினார்களா?" என்று கேட்டார் அண்ணா.

"இரண்டு பேர் இழுத்துப் பார்த்தார்கள், அண்ணா" என்றேன்.